வெயிலும் காணாக்கடியும்

நமது வன்னிப் பெருநிலத்திலே எதற்குப் பஞ்சம் வந்த காலத்திலும் வெயிலுக்குப் பஞ்சம் வந்ததில்லை. கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரை நடுப்பகலில் ஏ-9 வீதியிலே சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாள்களிலும், மறுபடியும் ஆகஸ்ட் மாதக் கடைசியிலும், சூரியன் நண்பகலில் கிளிநொச்சிக்கு நேர் உச்சியிலே வந்து நிற்கின்றது. அந்நாள்களில் நட்ட கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். இத்தகைய நாட்டிலே பிறந்து வளர்ந்த ஒரு பெண்பிள்ளை, "எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொன்னால் கேட்பவருக்குச் சிரிப்பு வருவது இயல்பு. நானும் சிரித்தவர்களுள் ஒருவன். அதை நினைக்குந்தோறும் இப்போது கூச்சமாயிருக்கின்றது. ஆகவே இவ்வாரப் பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

அந்தப் பெண் என் தமக்கையின் மகள். முரசுமோட்டைப் பக்கத்திலே வீடு. முன்னால் வயல், பின்னால் சில தென்னைகள். 17 வயது நடக்கின்றது. உயர்தர வகுப்பிலே படிக்கிறாள். ஓட்டத்திலே கெட்டிக்காரி. இரண்டு வருடங்களுக்கு முன்பு, பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பயிற்சி தொடங்கிய நாள்களிலேதான் இந்த உபாதை முதன்முதலாகத் தலைகாட்டியது. மைதானத்தில் இறங்கி ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஆவதற்குள் மேற்கைகளிலும் முழங்காலுக்கு மேலும் நெருப்பு வைத்தாற்போல ஓர் எரிவு. அதைத் தொடர்ந்து பொறுக்க முடியாத கடி. பிறகு நுளம்பு கடித்த இடம்போலத் தடிப்புகள் எழும்பி, ஒன்றோடொன்று கூடிக் கையகலத்துக்குப் பரந்துவிடும். மரநிழலிலே போய் ஒதுங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் அத்தனையும் அடங்கிவிடும். வீடு வந்து சேரும்போது தோலிலே ஒரு சுவடும் இராது.

சுவடில்லாத நோய்க்குச் சாட்சியம் ஏது? ஓட்டத்துக்குப் பஞ்சிப்பட்டுச் சொல்லும் சாட்டு என்று பாடசாலையிலே தீர்ப்பாயிற்று. வீட்டிலோ ஆளுக்கொரு நிதானம். என் தாயாருக்கு அது கிரந்திச் சாப்பாட்டின் வேலை. இறால், கணவாய், கத்தரிக்காய் எல்லாம் முதலிலே நிறுத்தப்பட்டன; அதற்கும் அடங்காதபோது மீனும் நின்றது. ஒரு வருடம் முழுவதும் அந்தப் பிள்ளை பருப்பும் கீரையும் தின்று, முன்போலவே மைதானத்தில் நின்று சொறிந்துகொண்டிருந்தாள். சாதகத்தையும் யாரோ புரட்டிப் பார்த்து, சூரியன் இருக்குமிடம் சரியில்லை என்றார்களாம்.

என் தமக்கைக்கு மாத்திரம் இது உட்டணம் என்பதிலே சந்தேகமேயில்லை. அவளுடைய உறுதிக்கு ஒரு காரணம் இருந்தது. 2009-ஆம் ஆண்டு இதே பிள்ளையைக் கைக்குழந்தையாய் இடுப்பிலே வைத்துக்கொண்டு அவள் செட்டிகுளத்து மனிக் பாம் முகாமிலே இருந்தவள். தறப்பாள் கூடாரத்துக்குள்ளே, மர நிழலென்பது கண்ணுக்கெட்டாத வெளியிலே, குழந்தைகளின் கழுத்தும் முதுகும் வேர்க்குருவால் சிவந்து கிடந்ததை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். வெக்கை, வேர்வை, சொறிவு என்ற மூன்றும் அவள் மனத்திலே அன்றே ஒன்றாய் முடிச்சிடப்பட்டுவிட்டன. அந்த முடிச்சை அவிழ்ப்பது இலேசான காரியமன்று.

வைத்தியசாலைக்கும் இரண்டு தடவை கொண்டுபோனார்கள். வெளிநோயாளர் வரிசையிலே நின்று முறை வரும்போது தோல் துப்புரவாயிருந்தது. ஒவ்வாமைக் குளிசை எழுதிக் கொடுத்தார்கள். நம்மவர்கள் பிரிட்டன் என்று சொல்லும் அந்த மஞ்சள் நிறக் குளிசை அரிப்பை ஓரளவு தணிக்கத்தான் செய்தது; ஆனால் பிள்ளை வகுப்பிலே தூங்கி விழுந்தாள். இரண்டு வாரத்தில் அதையும் விட்டாயிற்று.

இந்த நிலையிலேதான் சென்ற வருடத் தைப்பொங்கலுக்கு நான் அங்கே போயிருந்தேன். முதல் நாள் இரவு நல்ல பனி. விடியற்காலையிலே போர்வையை விட்டு எழும்ப மனமில்லாத குளிர். மருமகள் எழுந்து முழுகி, முற்றத்தைக் கூட்டி மெழுகிக் கோலம் போட்டு, அடுப்பு மூட்டுவதற்குத் துணையாக நின்றாள். அடுப்பு எரியத் தொடங்கியபின் வெக்கையிலே முகம் வேர்க்க, முக்கால் மணி நேரம் அதன் அருகிலேயே இருந்தாள். உடம்பில் ஒன்றும் இல்லை. பால் பொங்கி, அரிசி போட்டு, படைத்து, எல்லோரும் கிழக்கு முகமாக நின்று கும்பிடும் வேளையில் வெயில் வேலியைத் தாண்டி முற்றத்தில் விழுந்திருந்தது. இளவெயில், காற்றிலே குளிர் இன்னும் போகவில்லை. பத்து நிமிடம் சென்றிராது. அவள் என் பக்கம் திரும்பித் தன் கையை நீட்டினாள்.

"மாமா, வேர்வை இல்லை, பாருங்கோ. கடல்மீன் தின்று ஒரு வருசம். இது என்ன?"

சட்டைக் கையின் விளிம்பு எங்கே முடிந்ததோ, கோடு கீறினாற்போல அங்கிருந்து தடிப்புகள் தொடங்கியிருந்தன. கண்ணெதிரிலே அவை வளர்ந்தன. நெருப்பின் முன்னால் இருந்தபோது வராதது, குளிர்ந்த காலை வெளிச்சத்தில் வந்தது. அப்படியானால் குற்றவாளி சூடு அன்று, ஒளி. இதைக் கண்டுபிடித்தவன் நானென்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை யாதெனில், அவள் ஒரு வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உடனே கைத்தொலைபேசியிலே படம் பிடித்தோம். அந்தப் படத்தோடு வைத்தியசாலைக்குப் போனபோது, பார்த்த இளம் வைத்தியர் ஒன்றும் பேசாமல் தோல் வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குக் கடிதம் எழுதினார். அங்கே நடந்த பரிசோதனை மிகவும் எளியது. அவசர மருந்துகளைப் பக்கத்திலே ஆயத்தமாக வைத்துக்கொண்டு, கறுத்தத் தாளிலே மூன்று சிறிய சாளரங்கள் வெட்டி, வழக்கமாக மூடியிருக்கும் மேற்கையிலே கட்டினார்கள். ஒரு சாளரத்தை ஒரு நிமிடமும், அடுத்ததை மூன்று நிமிடமும், மற்றதை ஐந்து நிமிடமும் வெயிலிலே திறந்து மூடினார்கள். தாளை எடுத்துப் பார்த்தபோது மூன்றாவது சாளரத்தின் வடிவத்திலே சதுரமாக ஒரு தடிப்பு நின்றது. பெரிய நிலையங்களிலே ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டிச் சோதிக்கும் கருவிகள் உண்டு. எந்த நிறக் கிரணத்துக்கு உடம்பு சீறுகிறது என்பதை அவை துல்லியமாகக் காட்டும்.

இந்நோய்க்கு வெயிற் காணாக்கடி என்று நாம் பெயர் வைக்கலாம். காணாக்கடி என்பது நம் முன்னோர் தந்த அருமையான சொல். கடித்த பிராணி கண்ணுக்குத் தெரியாது. கடித்த தடிப்பு மாத்திரம் தெரியும். மேல்நாட்டு வைத்தியர்கள் இதற்கு இட்ட பெயரும் பட்டால் சொறியும் செடியொன்றின் பெயரிலிருந்தே வந்தது. நமது காஞ்சோன்றியைப் போன்ற அந்தச் செடிக்கு இலத்தீனிலே உர்ட்டிக்கா என்று பெயர். சூரிய ஒளியால் வரும் இவ்வகையை 1904-ஆம் ஆண்டு மெர்க்லென் என்னும் பிரெஞ்சு வைத்தியர் எடுத்துரைத்தார். அதற்கு முந்திய வருடந்தான், ஒளியைக் கொண்டு தோற் காசநோயைக் குணமாக்கியதற்காக டென்மார்க்கின் ஃபின்சனுக்கு நோபெல் பரிசு கிடைத்திருந்தது. ஒரே ஒளி ஒருவருக்கு மருந்து, மற்றொருவருக்கு நஞ்சு.

உடம்பினுள்ளே நடப்பது இதுதான். நமது தோலிலோ இரத்தத்தின் நீர்ப்பகுதியிலோ இருக்கும் ஏதோ ஒரு பொருள் ஒளியை உறிஞ்சி உருமாறுகின்றது. இவர்களுடைய உடம்பு அந்த உருமாறிய பொருளை அந்நியன் என்று எண்ணிவிடுகின்றது. தோலெங்கும் காவலாளர்போல நிற்கும் ஒருவகை உயிரணுக்கள் உண்டு. 1878-இல் ஜெர்மானியரான பவுல் ஏர்லிக் அவற்றைக் கண்டு, வயிறு புடைக்கத் தின்றவை போலிருக்கின்றனவே என்று 'மாஸ்ட்' உயிரணுக்கள் எனப் பெயரிட்டார். அவை தின்றிருக்கவில்லை; ஹிஸ்டமின் முதலிய பொருள்களைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிச் சேமித்து வைத்திருந்தன. அந்நியன் வந்தான் என்ற சமிக்ஞை கிடைத்ததும் பொட்டலங்கள் அவிழ்கின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து தோல் வீங்குகின்றது. நரம்பு நுனிகள் தூண்டப்பட்டு அரிப்பு எழுகின்றது. சில நோயாளரின் இரத்தத் தெளிவை எடுத்து நோயில்லாத ஒருவரின் தோலிலே ஏற்றி, அவ்விடத்தில் ஒளியைக் காட்டினால், அந்த நோயில்லாதவருக்கும் அங்கே தடிப்பு எழுந்தது என்பதை 1940-களிலேயே பரிசோதித்துக் கண்டார்கள். பஞ்சி, சாட்டு, மனப்பிரமை என்பவற்றை இரத்தத்தோடு மற்றொருவர் உடம்புக்கு ஏற்ற முடியாதன்றோ?

மருமகளுடைய முகத்திலும் புறங்கையிலும் தடிப்பு மிகக் குறைவு. "வெயில் முதலில் படுவது முகத்தில், அங்கே ஒன்றுமில்லாமல் மூடிய இடத்தில் வருமோ?" என்று நானே அவளை மடக்கியிருக்கிறேன். உண்மையிலே அதுதான் இந்நோயின் இலட்சணம். நாள்தோறும் வெயிலைக் காணும் தோல் ஓரளவு பழகிக் கொள்ளுகின்றது. மூடிக் கிடந்த தோல் திடீரென்று ஒளியைக் காணும்போதே சீறுகின்றது. இன்னொன்றும் உண்டு. புத்தகங்களிலே 'சிவந்த தடிப்பு' என்று எழுதியிருக்கும். அது வெள்ளைத் தோலுக்கு எழுதியது. நமது கருந்தோலிலே சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. மேட்டைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும்; படம் பிடிப்பதானால் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடிக்க வேண்டும்.

இது அரிய நோய். ஸ்கொத்லாந்தின் ஒரு பகுதியிலே எடுத்த கணக்கு இலட்சம் பேருக்கு மூவர் என்று காட்டியது. அவர்களுடைய சூரியன் வேறு, நம்முடைய சூரியன் வேறு. எனினும் அந்த விகிதத்தை அப்படியே வைத்துப் பார்த்தால், 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறக்குறைய மூன்றே முக்கால் இலட்சம் மக்கள் வாழ்ந்த கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் மூன்றிலும் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். ஆகையால் வெயிலிலே கடிக்கிறது என்று சொல்லும் எல்லோருக்கும் இந்நோய்தான் என்று எண்ணிவிடக் கூடாது. வெயிலின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவை பல. அவற்றைப் பிரித்தறிவதற்கு மணிக்கூட்டைப்போல உதவுவது வேறில்லை.

வெயிலில் இறங்கிய சில நிமிடங்களுக்குள் எழும்பி, நிழலுக்கு வந்த ஓரிரு மணி நேரத்தில், எப்படியும் ஒரு நாளைக்குள், சுவடின்றி மறைந்தால் அது வெயிற் காணாக்கடி. வெயில் பட்டுச் சில மணி நேரம் கழிந்தோ மறுநாளோ சிறு சிறு பருக்களாகப் புறப்பட்டுப் பல நாள் நின்றால் அது ஒளியால் வரும் மற்றொரு சொறி. காணாக்கடியைக் காட்டிலும் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. ஊசித்தலை அளவிலே எண்ணற்ற சிறு தடிப்புகள், ஓடினாலும் வெந்நீரில் குளித்தாலும் உறைப்புக் கறி தின்று வேர்த்தாலும் வருமானால், அது வேர்வைக் காணாக்கடி. சூரியனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் தமக்கை நினைத்தது இதற்குக் கிட்டியது. அவள் முழுப் பிழை சொல்லவில்லை. குழந்தையொன்று வெயில் பட்டவுடன் தடிப்பில்லாமலே எரிகிறது எரிகிறது என்று அழுதாலும், மூக்கின் இரு பக்கத்துக் கன்னங்களிலும் வெயிலால் சிவப்பு ஏறி நின்று மூட்டுவலியும் காய்ச்சலும் சேர்ந்தாலும், தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அவை தோலோடு நிற்கும் நோய்கள் அல்ல.

மருந்தும் காரணமாகலாம். வயலிலே இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கச் சுகாதாரப் பகுதியினர் டொக்சிசைக்கிளின் என்னும் மருந்தைக் கொடுப்பதுண்டு. உயிரைக் காக்கும் மருந்து. அதை விட்டுவிடும்படி நான் சொல்லவில்லை. ஆனால் அது சிலருடைய தோலை வெயிலுக்கு மிகவும் இளக்கமாக்கிவிடும். வழக்கமான வெயிலிலேயே தோல் வெந்ததுபோலாகும். இரத்த அழுத்தத்துக்கும் மூட்டுவலிக்கும் கொடுக்கும் சில குளிசைகளும் அப்படியே. எந்த மருந்து தொடங்கியபின் இது வந்தது என்பதை வைத்தியருக்குச் சொல்ல மறக்கக் கூடாது. தேசிக்காய் பிழிந்த கையைக் கழுவாமல் வெயிலில் நின்றால் ஓரிரு நாளில் வெந்து கபில நிறத் தழும்பு விழுவதும், வெண்புள்ளிக்குக் கார்போகரிசி அரைத்துப் பூசி வெயில் காய்ந்தவர்களுக்குக் கொப்புளம் எழும்புவதும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவை.

வன்னியிலே இவை எல்லாவற்றிலும் பார்க்கக் கவனிக்க வேண்டிய போலி ஒன்றுண்டு. அது பார்த்தீனியம். கரட் இலைபோன்ற இலையும் சிறு வெள்ளைப் பூவுமாக வீதியோரத்திலும் தரிசு நிலத்திலும் செழித்து நிற்கும் அந்தக் களையை அறியாதவர் இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களில் இந்தியாவின் பூனா நகரப் பக்கத்திலே தலைகாட்டி, நாடெங்கும் பரந்தது. இலங்கையிலே 1999-இல் வவுனியாவிலேதான் இது முதன்முதலாகப் பதிவாயிற்று. 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு விதை வந்திருக்கலாம் என்பது பலருடைய அபிப்பிராயம். ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. காடு வெட்டி, யுத்தம் நடந்து, மண் கிளறப்பட்டு, ஆட்கள் இல்லாமல் கிடந்த நிலம் அதற்கு வாய்த்த வயலாயிற்று.

இச்செடியிலுள்ள பார்த்தெனின் என்னும் பொருள், காய்ந்த இலைத் தூசியோடு காற்றிலே பறந்து வந்து தோலிலே படிகின்றது. ஒவ்வாமை ஏற்பட்டவர்களுக்கு முகம், கழுத்து, முழங்கை மடிப்பு எங்கும் தோல் தடித்துக் கறுத்து, இரவும் பகலும் அரிக்கும். உடுப்பு மூடாத இடங்களில் வருவதாலும், வெளியே போய் வந்தபின் கூடுவதாலும், வெயிலே காரணம் என்று எண்ணிவிடுகிறார்கள். கூர்ந்து பார்த்தால் வேற்றுமை தெரியும். வெயில் மேலேயிருந்து விழுவது. கண் இமை மடிப்பிலும் காதின் பின்புறத்திலும் தாடையின் கீழும் அது புகாது. தூசி எங்கும் புகும். அந்த நிழலான இடங்களிலும் சொறி இருந்து, வாரக்கணக்காக நின்றால், வானத்தைப் பாராமல் வேலியோரத்தைப் பார்க்க வேண்டும். நாள்பட்டால் இந்தத் தோல் உண்மையாகவே வெயிலையும் தாங்காததாக மாறிவிடுவதுண்டு; அப்பொழுது இரண்டையும் பிரிப்பது நிபுணருக்கே சிரமம். பூ வருமுன்னர், மண் ஈரமாயிருக்கையில், கையுறையும் நீளச் சட்டையும் அணிந்து வேரோடு பிடுங்குவதே நல்லது. சிரமதானம் என்று சொல்லிச் சிறு பிள்ளைகளை வெறுங்கையோடு இதைப் பிடுங்க விடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நல்ல நோக்கந்தான், ஆனால் பிழையான வேலை.

மருமகளின் விஷயத்துக்குத் திரும்புகிறேன். நிபுணர் முதன்முதலில் கேட்ட கேள்வி எங்களுக்கு விசித்திரமாயிருந்தது: "எங்கே குளிக்கிறாய்?" இங்கே எல்லாரும் குளிப்பதுபோல அவளும் கிணற்றடியிலேதான் குளிப்பாள், விடுமுறை நாள்களில் தோழிகளோடு குளத்துக்கும் போவதுண்டு. அதிலேதான் உயிராபத்து இருக்கின்றது. கையளவு தோலில் ஒளி பட்டால் கையளவு தடிப்பு. முதுகும் தோளும் காலும் ஒருங்கே திறந்து வெயிலில் நிற்கும்போது, உடம்பு முழுவதிலுமுள்ள பொட்டலங்கள் ஒரே வேளையில் அவிழ்ந்து, இரத்த அழுத்தம் சடுதியாக இறங்கித் தலை சுற்றி விழலாம், மூச்சு முட்டலாம். அது குளத்து நீருக்குள் நேர்ந்தால் என்னாகும்? ஆகவே குளிப்பு விடியுமுன் அல்லது பொழுதுபட்டபின். இல்லையேல் கூரையுள்ள மறைப்புக்குள். தனியாகக் குளத்தில் இறங்குவது கூடவே கூடாது. இப்படி யாரேனும் மயங்கினால் நிழலிலே கிடத்தி, துணியால் மூடி, காலைச் சற்று உயர்த்தி, 1990 என்ற இலக்கத்துக்கு அறிவித்து அம்புலன்ஸ் வண்டியை அழைக்க வேண்டும். அவ்வேளையில் குளிசை தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. வேண்டியது வைத்தியசாலையில் ஏற்றும் அட்ரினலின் ஊசி.

சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நித்திரை தராத புதுவகை ஒவ்வாமைக் குளிசைகள், செட்டிரிசின், லொராட்டடின் போன்றவை, இப்போது உண்டு. அவற்றை அரிப்பு வந்தபின் விழுங்குவதிலும், வருமுன் நாள்தோறும் ஒழுங்காக எடுப்பதே பயன் தரும். அளவைக் கூட்டுவதா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். குளிசைக்கு அடங்காதவர்களுக்கு, மூடிய அறையிலே அளந்த ஒளியைச் சிறிது சிறிதாகக் காட்டித் தோலைப் பழக்கும் முறையும், ஒமலிசுமாப் என்னும் விலை உயர்ந்த ஊசியும் இருக்கின்றன. தோலைப் பழக்குகிறேன் என்று வீட்டு முற்றத்திலே தானாகப் பரீட்சை செய்வது ஆபத்து. சிலருக்குச் சில வருடங்களில் இந்நோய் தானே தணிந்துவிடும். பலருக்கு நெடுங்காலம் நிற்கும்.

உடுப்பே முதல் மருந்து. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இழைகளுக்கிடையில் ஒளி தெரிகிறதா என்பது விளங்கும். தெரிந்தால் அத்துணியால் பயனில்லை. மெல்லிய வெள்ளைத் துணியைக் காட்டிலும் நெருக்கமாக நெய்த கடும் நிறத் துணி நல்லது. கண்ணாடியை நம்பக் கூடாது. பஸ்ஸிலே சாளரக் கண்ணாடியை மூடிவிட்டு இருந்தாலும் இவர்களுக்குத் தடிப்பு வருவதுண்டு. ஊதாக் கடந்த கிரணங்களில் ஒரு வகையைக் கண்ணாடி தடுக்கும். மற்ற வகையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தாராளமாக உள்ளே வரும். கடையில் விற்கும் வெயிற் களிம்புகளிலும் இதே குறை. பூசினால் நிறந்தெரியாத களிம்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்காது. இரும்புத்தாது சேர்ந்த, தோல் நிறமுள்ள களிம்பே அதற்கு உதவும். விலையைப் பார்த்தபின் என் தமக்கை, நீளக் கைச்சட்டையே போதும் என்றாள். நானும் அதையே சொல்வேன்.

நீளக் கைச்சட்டை அணிந்துவரவும், வெளிக் கூட்டத்தின்போது மண்டப நிழலில் நிற்கவும் வைத்தியரின் கடிதத்தைக் காட்டி அனுமதி வாங்கினோம். கடிதத்தைப் படித்த ஆசிரியை, பிள்ளையைத் தனியே அழைத்து ஏதோ சொன்னாராம். என்ன சொன்னாரென்று அவள் எங்களிடம் சொல்லவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வரும்போது முகம் தெளிந்திருந்தது. ஓட்டப் பயிற்சி இப்போது பொழுது சாய்ந்தபின், வயல் வரம்போடு. போட்டியிலே ஓட முடியுமா என்பது தெரியாது. இவ்வருடம் பந்தலுக்குக் கீழே இருந்து புள்ளி குறித்தாள்.

நிபுணர் கடைசியாகச் சொன்னதுதான் என் தாயாரைத் திகைக்க வைத்தது. வெயிலை ஒதுக்குபவர்களுக்கு உடம்பில் விற்றமின் டி குறையக்கூடும். ஆகையால் மீனும் முட்டையும் தாராளமாகக் கொடுங்கள், சாளையும் சூடையும் மிக நல்லவை என்றார். ஒரு வருடம் மறித்து வைத்திருந்த மீன் மறுநாளே குசினிக்கு வந்துவிட்டது. இறாலும் கணவாயும் ஒவ்வொன்றாகத் திரும்பின. கத்தரிக்காயை மாத்திரம் அம்மா இன்னமும் அவளுடைய கோப்பையில் வைப்பதில்லை.